விழுந்தவர்கள் எல்லாருக்கும் 'அட்டாக்' இல்லை: திடீர் இதயநிறுத்தம் யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஒருவர் நின்ற நிலையில் விழுந்து இறந்துபோனால், செத்த வீட்டு வாசலில் கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "அட்டாக்காம்." பாதிக்குச் சரி, பாதிக்குப் பிழை. மாரடைப்பு வேறு, திடீர் இதயநிறுத்தம் வேறு. முதலாவது இரத்தக் குழாய் அடைபடுவதால் வருவது. இரண்டாவது இதயத்தின் மின்னோட்டம் குழம்புவதால் வருவது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் யாருக்கு ஆபத்து என்பதும் விளங்காது, விழுந்தவரைக் கண்டால் என்ன செய்வதென்பதும் விளங்காது.

கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். கயிற்றில் இருபது முப்பது பேர் நிற்பார்கள். ஒருவர் அம்பா பாட, அந்தத் தாளத்துக்கு எல்லாரும் ஒன்றாக இழுப்பார்கள். வலை கரையேறும். இதயத்தில் அம்பா பாடுபவர் வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணு. ஓய்வாக இருக்கும்போது அது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை குரல் கொடுக்கும். அந்த மின்குரலைக் கேட்டு இதயத் தசையின் கோடிக்கணக்கான கலங்கள் ஒரே நேரத்தில் சுருங்கும். இரத்தம் உடலெங்கும் போகும்.

இழுப்பவர்கள் தாளத்தை விட்டு ஆளுக்கொரு நேரத்தில் இழுக்கத் தொடங்கினால் என்ன நடக்கும்? எல்லாரும் வேர்க்க விறுவிறுக்க இழுத்துக்கொண்டுதான் இருப்பார்கள், ஆனால் வலை ஒரு முழம்கூட நகராது. இதுதான் கீழறை நடுக்கம். வைத்தியர்கள் 'வி.எஃப்.' என்பார்கள். இதயம் அசையாமல் நிற்பதில்லை. புழு நெளிவதுபோல் நடுங்கிக்கொண்டிருக்கும், ஒரு துளி இரத்தமும் வெளியே போகாது. நாடி இல்லை. 10 முதல் 20 செக்கனுக்குள் நினைவு போய்விடும். 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை பழுதாகத் தொடங்கும். நெஞ்சை அழுத்த ஆளில்லாவிட்டால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 வீதம் குறைந்துகொண்டே போகும்.

மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவி செய்வது, "எல்லாரும் கயிற்றை விடுங்கள்" என்று ஒரேயடியாகக் கத்துவதைப் போன்றது. எல்லாக் கலங்களும் ஒரு கணம் அடங்கும். அந்த இடைவெளியில் அம்பாக்காரர் மறுபடி பாடத் தொடங்குவார். இதயம் முற்றாக அடங்கிக் கிடக்கும் இன்னொரு வகை நிறுத்தமும் உண்டு. அங்கே இழுப்பவர்களே கயிற்றடியில் சுருண்டு கிடக்கிறார்கள், கத்திப் பயனில்லை. அதனால்தான் அந்த வகைக்கு மின்அதிர்ச்சி கொடுப்பதில்லை.

மாரடைப்பு வந்தவர் பெரும்பாலும் முழித்துத்தான் இருப்பார். நெஞ்சை இறுக்குகிறது என்பார், குளிர்ந்த வேர்வை வடியும், இடக்கையோ தாடையோ நோகும், ஓட்டோவில் ஏறித் தானே ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும் உண்டு. இதயநிறுத்தம் வந்தவர் பேசமாட்டார். ஆனால் முதலாவது இரண்டாவதாக மாறலாம். அதுவும் மாரடைப்பு தொடங்கிய முதல் சில மணித்தியாலங்களில்தான் அந்த ஆபத்து மிக அதிகம். "விடிஞ்சதும் போவம்" என்று நெஞ்சு நோவோடு சாமத்தைக் கடத்துவது ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

வைக்கோலும் பொறியும்

ஆபத்துக் காரணிகள் என்று ஒரு நீளப் பட்டியலை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு கேள்வி போதும். வைக்கோல் இருக்கிறதா? பொறி எங்கிருந்து வரும்?

வெட்டு முடிந்த வயலில் காய்ந்த வைக்கோல் கிடந்தாலும் தானாகப் பற்றுவதில்லை. ஒரு பீடித்துண்டு விழ வேண்டும். அதே பீடித்துண்டு நீர் நிற்கும் வயலில் விழுந்தால் 'உஸ்' என்று அணைந்துவிடும். இதயத்திலும் அப்படித்தான். தழும்பேறிய தசை, தடித்த தசை, வீங்கித் தளர்ந்த தசை, பிறவியிலேயே பிழையாக அமைந்த மின்வாயில்கள் (இதயக் கலங்களுக்குள் உப்புகள் போய்வரும் வாசல்கள்) எல்லாம் வைக்கோல். பொட்டாசியம் இறங்குவது அல்லது ஏறுவது, திடீர்க் கடும் உழைப்பு, புதிய அடைப்பு, சில மருந்துகள், காய்ச்சல், போதைப்பொருள் எல்லாம் பொறி. ஒருவர் பத்து வருடம் வைக்கோலைச் சுமந்துகொண்டு ஒன்றுமில்லாமல் திரிவதும், ஒரு வயிற்றோட்டத்தோடு விழுந்துபோவதும் இதனால்தான்.

வைக்கோல் நிறைந்தவர்கள்

முதலிடம், ஒருமுறை இதயநிறுத்தம் வந்து பிழைத்தவர்களுக்கு. அடுத்த இடம், மாரடைப்பு வந்து பிழைத்தவர்களுக்கு. மாரடைப்பில் செத்த தசை தழும்பாக மாறுகிறது. தழும்பு மின்னோட்டத்தைக் கடத்தாது. ஆற்றில் பாறையைச் சுற்றி நீர் சுழல்வதுபோல மின்னோட்டம் தழும்பைச் சுற்றிச் சுழலத் தொடங்கினால், நிமிடத்துக்கு 150, 200 என்று கீழறை அடித்துக்கொள்ளும். அங்கிருந்து நடுக்கம் ஒரு அடி தூரம். மாரடைப்புக்குப் பின்னான முதல் மாதத்தில்தான் திடீர் மரண ஆபத்து மிகக் கூடுதலாக இருக்கும், பிறகு மெல்லக் குறையும். வார்டிலிருந்து வீடு வந்ததும் "இப்ப சுகம்" என்று குளிசையைக் குறைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் கூட்டத்துக்குள் யாருக்கு மிக அதிக ஆபத்து என்பதைச் சொல்லும் ஒரு எண் உண்டு. எக்கோ, அதாவது இதய ஸ்கேன் ரிப்போட்டில் 'ஈஎஃப்' என்று ஒரு வீதம் எழுதியிருக்கும். கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியேறுகிறது என்பதே அது. 55க்கு மேல் இருந்தால் நல்லது. 35 அல்லது அதற்குக் கீழே என்றால் இதய வைத்தியரிடம் நேரே கேட்க வேண்டிய கேள்வி: "எனக்கு ஐசிடி தேவையா?" ஐசிடி என்பது காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கும் சிறு கருவி. நடுக்கம் தொடங்கினால் அதுவே கண்டுபிடித்து அதிர்ச்சி கொடுக்கும். மாரடைப்பு வந்த கையோடு இதை வைக்கமாட்டார்கள். குறைந்தது 40 நாள் பொறுத்து, மருந்துகளைச் சரியாக எடுத்தபின் எக்கோவை மறுபடி பார்த்தே முடிவெடுப்பார்கள். ஆகவே அந்த இரண்டாவது எக்கோவுக்குக் கொடுத்த திகதியைத் தவறவிடக்கூடாது. முதல் எக்கோவோடு கிளினிக் கொப்பியை மூடி வைப்பவர்கள்தான் இங்கே கூட.

அடைப்பு இல்லாமலே இதயம் வீங்கித் தளர்வதும் உண்டு. கசிப்பும் சாராயமும் வருடக்கணக்கில் உள்ளே போனால் இதயத்தசை தளரும். ஈரல் மட்டும்தான் பழுதாகும் என்று நினைப்பது தவறு. 'ஐஸ்' போதைப்பொருள் இன்னும் மோசம். அது வைக்கோலையும் சேர்க்கும், பொறியையும் தானே கொண்டுவரும். 25 வயதுப் பொடியனாக இருந்தாலும் விட்டுவைக்காது.

தெரியாமல் சுமப்பவர்கள்

இங்கே ஒரு முரண் இருக்கிறது. தனித்தனி ஆளாகப் பார்த்தால் ஈஎஃப் குறைந்தவருக்கே ஆபத்து அதிகம். ஆனால் திடீரென விழுபவர்களை எல்லாம் சேர்த்து எண்ணினால், பெரும்பங்கினர் இதயநோய் இருப்பதாகவே தெரியாதவர்கள். காரணம் எளியது: ஆபத்து குறைந்தவர்களின் கூட்டம் மிகப் பெரியது. இலட்சம் பேரில் சிலர் என்றாலும் எண்ணிக்கை கூடிவிடும். பலருக்கு இதயநோயின் முதல் அறிகுறியே இதயநிறுத்தம்தான்.

35 வயதுக்கு மேல் இவர்களிடம் மறைந்திருப்பது பெரும்பாலும் முடியுருநாடி அடைப்பு, அதாவது இதயத்துக்கே இரத்தம் கொடுக்கும் குழாய்களில் கொழுப்புப் படிவது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு 58.8. நமக்கு ஏறத்தாழ ஆறு வருடம் முந்தி வருகிறது. அதே ஆய்வு சொன்ன இன்னொன்று: மாரடைப்பு ஆபத்தில் பெரும்பகுதியை ஒன்பது காரணிகளால் விளக்கிவிடலாம். புகைத்தல், கெட்ட கொழுப்பு, இரத்த அழுத்தம், சலரோகம், வயிற்றுத் தொந்தி, மனஅழுத்தம் என்பவை ஆபத்தைக் கூட்டுகின்றன. பழமும் மரக்கறியும் குறைவாக உண்பதும், உடற்பயிற்சி இல்லாமையும் கூட்டுகின்றன. ஒன்பதாவது மதுப்பழக்கம். எல்லாமே மாற்றக்கூடியவை அல்லது கட்டுப்படுத்தக்கூடியவை.

இவற்றுள் சலரோகத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சீனி வருத்தம் நெடுநாள் இருந்தால் நரம்புகள் மரத்துப்போகும். அதனால் மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு நோகாமல் இருக்கலாம். "வாய்வு", "களைப்பு", "சும்மா ஒரு மூச்சு முட்டு" என்று கடந்துபோகும். பிறகு எடுத்த ஈசிஜியில் பழைய மாரடைப்பு தெரியவரும். சலரோகம் உள்ள ஒருவருக்கு 40 வயதுக்குப் பின் காரணமில்லாத மூச்சிரைப்போ, திடீர் வேர்வையோ வந்தால் இஞ்சித் தண்ணீர் காய்ச்சாமல் அன்றே ஈசிஜி எடுக்க வேண்டும்.

பிரஷர் வேறு வழியில் வேலை செய்யும். கட்டுப்படாத அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளிக் கீழறைச் சுவர் தடிக்கும். தடித்த தசைக்குள் மின்னோட்டம் ஒழுங்காகப் பரவாது. "எனக்குத் தலையிடி இல்லை, அதனால் பிரஷர் இல்லை" என்பது ஊரில் பரவலான நம்பிக்கை. அளந்து பார்க்காமல் பிரஷரைச் சொல்ல யாராலும் முடியாது.

அரச வைத்தியசாலைகளில் நடக்கும் ஆரோக்கிய வாழ்வுக் கிளினிக்குகளில் 35 வயது தாண்டியவர்களுக்கு எடை, பிரஷர், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்த்து, அடுத்த பத்து வருடத்தில் மாரடைப்போ பாரிசவாதமோ வரும் வாய்ப்பைக் கணித்துச் சொல்வார்கள். மனதில் வைக்க வேண்டிய எண்கள்: பிரஷர் 140க்கு 90 என்ற கோட்டைத் தாண்டக்கூடாது. வெறும் வயிற்றில் சீனி 126 அல்லது மேல் என்றால் சலரோகம். இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. சாரத்தின் கட்டுக்கு மேலே தொந்தி தொங்கினால் நூல்நாடா வேண்டியதில்லை.

ஆண்களுக்கு ஆபத்து பெண்களைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆனால் மாதவிடாய் நின்றபின் பெண்களின் ஆபத்து ஏறத் தொடங்கும். அவர்கள் நெஞ்சு நோவோடு முதுகு நோவு, சத்தி, களைப்பு என்றும் ஆண்களைவிட அதிகம் சொல்வதால் வீட்டாரும் தாமதிக்கிறார்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களைத் தனியாகவே வைக்க வேண்டும். டயலிசிஸ் செய்பவர்களின் மரணங்களில் முதலிடம் திடீர் இதய மரணத்துக்குத்தான். இரண்டு டயலிசிஸுக்கு இடையில் பொட்டாசியமும் நீரும் சேரும். வாரத்தில் மிக நீண்ட இடைவெளி முடியும் நேரம்தான் அவர்களுக்கு மிக ஆபத்தான நேரம். "இளநீர் உடம்புக்குக் குளிர்ச்சி" என்று நல்லெண்ணத்தோடு வெட்டிக் கொடுப்பது இவர்களுக்கு நஞ்சாகலாம், ஏனென்றால் இளநீரில் பொட்டாசியம் நிறைய. வாழைப்பழமும் அப்படித்தான். நோயாளியைப் பார்க்கப் போகும் உறவினர்கள் வேறு ஏதாவது கொண்டுபோவது நல்லது.

இளவயதில் விழுபவர்கள்

35 வயதுக்குக் கீழே கதை மாறுகிறது. இங்கே வைக்கோல் பெரும்பாலும் பரம்பரையில் வருவது. ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இதயத்தசை காரணமில்லாமல் தடித்திருக்கும். ஓடும்போதோ, ஓடி முடித்த கையோடோ விழுவார்கள். ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு நீள் கியூடி என்ற மின்கோளாறு. இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் மறுபடி 'சார்ஜ்' ஆக எடுக்கும் நேரம் நீளமாக இருக்கும். ஈசிஜியில் இந்த நேரம் (துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய கியூடி) 500 மில்லிசெக்கனைத் தாண்டினால் ஆபத்து மிகக் கூட. சிலர் நீந்தும்போது விழுவார்கள், சிலர் அலாரம் அல்லது வெடிச்சத்தம் கேட்டு விழுவார்கள்.

இதோடு தொடர்புடைய ஒன்று அதிகம் பேருக்குத் தெரியாது. பிறவியிலேயே காது கேளாத ஒரு பிள்ளை இடைக்கிடை மயங்கி விழுந்தால் கட்டாயம் ஈசிஜி எடுக்க வேண்டும். காதுக்கும் இதயத்துக்கும் பொதுவான ஒரு மின்வாயில் பழுதாகும் அரிதான நோய் அது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் தோன்றும். மச்சான் மச்சாள் கலியாணம் செய்த குடும்பங்களில் அந்த வாய்ப்புக் கூடும்.

புருகாடா என்று இன்னொரு பரம்பரை மின்கோளாறு. 1992இல் ஸ்பெயினைச் சேர்ந்த புருகாடா சகோதரர்கள் விவரித்தது. ஆசிய ஆண்களில் அதிகம் காணப்படுகிறது. தூக்கத்தில்தான் பெரும்பாலும் வரும். காய்ச்சல் அதன் பொறி. சாமத்தில் படுக்கையில் ஒரு விசித்திரமான மூச்சுச் சத்தம், பிறகு விடியும்போது ஆள் இல்லை. ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்லும் பெரும்பாலானவை ஆபத்தில்லாத தூக்கக் கோளாறுதான், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'இரவு படுத்தவர் எழும்பவில்லை' என்ற மரணம் ஒரு குடும்பத்தில் நடந்திருந்தால், மற்றவர்கள் காய்ச்சல் வந்த உடனே பரசிற்றமோல் எடுத்துக் காய்ச்சலைக் குறைத்து, ஈசிஜியும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

எந்த நோயும் இல்லாத இதயமும் நிற்கும். தோல் பந்தோ முழங்கையோ நெஞ்சின் நடுவே, துடிப்பின் ஒரு குறிப்பிட்ட நொடியில் அடித்தால் நடுக்கம் தொடங்கிவிடும். 2023 ஜனவரி 2ஆம் திகதி அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர் டமார் ஹாம்லின் ஆடுகளத்தில் விழுந்தது இப்படித்தான். 2021 ஜூன் 12ஆம் திகதி கோப்பன்ஹேகனில் ஃபின்லாந்துக்கு எதிரான போட்டியில் டென்மார்க்கின் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்ததை நம்மில் பலர் தொலைக்காட்சியில் பார்த்தோம். இருவரும் பிழைத்தார்கள். உடனடியாக நெஞ்சை அழுத்த ஆளும், மின்அதிர்ச்சிக் கருவியும் பக்கத்தில் இருந்தன. எரிக்சன் ஐசிடி பொருத்திக்கொண்டு அடுத்த வருடம் மறுபடி விளையாடினார்.

பெற்றோரும் விளையாட்டு ஆசிரியர்களும் ஒரு விடயத்தை மறக்கக்கூடாது. வெயிலில் நெடுநேரம் நின்று மயங்குவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுவது வேறு. இரண்டாவதை எக்கோ, ஈசிஜி பார்க்கும்வரை இதயக்கோளாறு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அதுபோல, குளிசைக்குக் கட்டுப்படாத 'வலிப்பு' உள்ள பிள்ளைக்கு ஒரு ஈசிஜியாவது எடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மூளைக்கு இரத்தம் போகாவிட்டாலும் கை கால் இழுக்கும். வருடக்கணக்கில் வலிப்புக் குளிசை விழுங்கிய சிலருக்கு இருந்தது நீள் கியூடி.

பொறிகள்: இங்கேயும் எங்கேயும்

பொட்டாசியமும் மக்னீசியமும் இறங்குவதுதான் ஆக மலிவான பொறி. இதயம் தளர்ந்தவர்களுக்குச் 'சலம் போற குளிசை' கொடுப்பார்கள். அது இந்த உப்புகளையும் வெளியேற்றும். அதோடு இரண்டு நாள் வயிற்றோட்டமும் சத்தியும் சேர்ந்தால் உப்பு நிலை தலைகீழாகிவிடும். அந்த நேரத்தில் கிளினிக்குக்கோ வார்டுக்கோ போய் இரத்தத்தில் உப்பு அளவைப் பார்க்க வேண்டும். வீட்டிலேயே குளிசையை நிறுத்தவும் வேண்டாம், பிடிவாதமாக விழுங்கவும் வேண்டாம்.

பாமசியில் சீட்டில்லாமல் வாங்கும் மருந்துகளில் சில கியூடியை நீட்டும். சத்திக்குத் தரும் டொம்பெரிடோன், எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், லெவோஃப்ளொக்சசின், சில மனநோய் மருந்துகள் அவற்றில் சில. பெரும்பாலானோருக்கு ஒன்றும் ஆகாது. இதயம் தளர்ந்தவர், உப்பு இறங்கியவர், அல்லது ஒரே நேரத்தில் இப்படி இரண்டு மருந்து எடுப்பவர் என்றால்தான் சிக்கல். பாமசியில் கிளினிக் கொப்பியைக் காட்டிவிட்டு வாங்குவது ஒரு நிமிட வேலை.

அட்டெனலோல், பிசொப்ரலோல், மெட்டொப்ரலோல் போன்ற பீட்டா தடுப்பான்களைச் சட்டென நிறுத்துவதும் பொறிதான். இதயம் திமிறும். நோன்பு காலத்தில் காத்தான்குடியிலும் சம்மாந்துறையிலும் பலர் செய்யும் பிழை, பகல் குளிசையை முப்பது நாளும் விட்டுவிடுவது. நோன்புக்கு இரண்டு வாரம் முந்தியே டொக்டரிடம் சொன்னால், பெரும்பாலான மருந்துகளை ஸஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்றித் தரலாம். கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் போகிறவர்களும் இரண்டு மாத மருந்தோடு ஏறி, முடிந்ததும் விட்டுவிடுகிறார்கள்.

கடும் உழைப்பு ஒரு பொறி என்றால் உடற்பயிற்சி கூடாதா? நேர்மாறு. அமெரிக்க ஆண் வைத்தியர்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், கடும் உழைப்பின்போதோ அதற்கடுத்த அரை மணி நேரத்திலோ திடீர் மரணம் நடந்தது ஏறத்தாழ 15 இலட்சம் தடவைக்கு ஒன்று. வழக்கமாகப் பயிற்சி செய்பவர்களுக்கு அந்த உயர்வு மிகக் குறைவு. வருடம் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டுச் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் மரதனுக்கு இறங்கும் 45 வயதுக்காரருக்குத்தான் பயம்.

கதிர்காமப் பாதயாத்திரையும் இதே கணக்கு. உகந்தையில் காட்டுப்பாதை திறந்தபின் குமண, யால வழியாகப் பல நாள் நடை. வெயில், வேர்வை, நேரத்துக்கு மருந்தில்லை, அம்புலன்ஸ் வரமுடியாத காடு. கடந்த சில மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்களும் ஈஎஃப் 40க்குக் கீழே உள்ளவர்களும் காட்டுப்பாதையால் போகக்கூடாது என்பதே எங்கள் கருத்து. பஸ்ஸில் போனால் முருகன் கோபிக்கமாட்டார்.

இதயத்தில் நோயே இல்லாமல் வெளியிலிருந்து வரும் நிறுத்தங்களும் நம் பக்கத்தில் உண்டு. யானைக்கும் பன்றிக்கும் கட்டிய கரண்ட் கம்பியில் பிடிபட்டவர், மின்னல் தாக்கியவர், வாவியில் மூழ்கியவர். கரண்ட் என்றால் முதலில் மெயினை நிறுத்துங்கள், பிறகு ஆளைத் தொடுங்கள். மின்னல் பட்டவரின் உடலில் கரண்ட் மிச்சமிருக்காது, உடனே தொடலாம். மூழ்கியவருக்கு மூச்சு நின்றதால்தான் இதயம் நின்றது. அவருக்கு முதலில் வாய்வழி மூச்சு, பிறகு அழுத்தம். மஞ்சள் அலரி விதையின் நச்சும் இதய மின்னோட்டத்தைக் குழப்பும். சாப்பிட்டவர், சிறுபிள்ளையாக இருந்தாலும், "நல்லாத்தான் இருக்கிறார்" என்று வீட்டில் வைத்திருக்கக்கூடாது. பல மணித்தியாலம் கழித்தும் துடிப்புக் குழம்பும். உடனே வைத்தியசாலை.

கண்முன்னே விழுந்தால்

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதிலில்லை, மூச்சு வழமையாக இல்லை என்றால் இதயநிறுத்தம் என்றே எடுங்கள். பலரை ஏமாற்றுவது இந்த மூச்சுத்தான். முதல் சில நிமிடங்களுக்கு மீன் கரையில் வாயைத் திறப்பதுபோல், குறட்டைபோல், இடைவிட்டு இடைவிட்டு ஒரு இழுப்பு வரும். "மூச்சு இருக்கு" என்று எல்லாரும் சுற்றி நின்று விசிறுவார்கள். அது மூச்சில்லை, மூளையின் கடைசி முயற்சி. கை கால் ஒருமுறை இழுப்பதையும் வலிப்பென்று எண்ணி இரும்பைக் கையில் திணிக்கத் தேவையில்லை.

ஒருவர் 1990 இலவச அம்புலன்ஸுக்கு அழைக்கட்டும், போனை ஸ்பீக்கரில் போட்டு வையுங்கள். விழுந்தவரைக் கட்டிலில் ஏற்றாமல் கெட்டியான நிலத்திலேயே மல்லாக்கப் படுக்க வையுங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதி, அதன்மேல் மற்றக் கை, முழங்கை மடங்காமல். பெரியவர்களுக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பின்னும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். வராவிட்டால் இதயம் நிரம்பாது, அடுத்த அழுத்தம் வீண். பழகியவர்கள் 30 அழுத்தத்துக்கு 2 மூச்சுக் கொடுக்கலாம். பழகாதவர்கள் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள், களைத்த கை ஆழமாக அழுத்தாது. விலா எலும்பு முறியலாம், அது பிறகு பொருந்தும். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

விழுந்தவர் பெண் என்றால் ஆண்கள் கை வைக்கத் தயங்குகிறார்கள். பொது இடத்தில் விழும் பெண்களுக்கு நெஞ்சழுத்தம் கிடைப்பது குறைவு என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. அழுத்துவதற்குச் சேலையையோ அபாயாவையோ கழற்றத் தேவையில்லை. துணிக்கு மேலாகவே அழுத்தலாம்.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை ஊர்களுக்கு அம்புலன்ஸ் வந்து சேர்வதும், அங்கிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்கோ போவதும் நகரத்துக் கணக்கில்லை. மண்டூர்த் துறையில் குருமண்வெளிப் பாதைப் படகுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே மேலே சொன்ன 4 நிமிடம் முடிந்துவிடும். துடிப்பில்லாதவரை ஓட்டோவின் பின்சீற்றில் மடித்துப் போட்டு ஓடினால் வழியெல்லாம் அழுத்தம் நிற்கும். அம்புலன்ஸ் வருமென்றால், வரும்வரை அங்கேயே அழுத்துவதுதான் சரி. நெஞ்சு நோவோடு முழித்திருப்பவர் வேறு கணக்கு: அவருக்குப் பக்கத்தில் எந்த வைத்தியசாலையோ அங்கே உடனே போக வேண்டும், ஈசிஜியும் இரத்தக்கட்டி கரைக்கும் ஊசியும் அங்கேயே தொடங்கலாம்.

இறந்தபின் மிஞ்சியிருப்பவர்களுக்கு

வீட்டில் திடீரென இறந்தவருக்கு மரண விசாரணை நடக்கும். இளவயது மரணம் என்றால் பிரேத பரிசோதனையைத் தவிர்க்கக் கேட்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். தசை தடித்திருந்ததா, குழாய் அடைத்திருந்ததா, இதயம் பார்வைக்கு நன்றாகவே இருந்ததா என்பது உயிரோடு இருக்கும் சகோதரங்களுக்குத் தேவையான தகவல். இதயம் நன்றாகவே இருந்தது என்று வந்தால், மின்கோளாறு என்ற ஐயம் கூடும். ஜனாஸாவை விரைவாக அடக்க வேண்டும் என்பது விளங்குகிறது. அப்படிப் பரிசோதனை நடக்காமல் போனாலும் ஒரு வழி மீதமிருக்கிறது: இறந்தவரின் பெற்றோர், சகோதரங்கள், பிள்ளைகள் எல்லாரும் ஈசிஜி, எக்கோ எடுப்பது. இந்தப் பரம்பரை நோய்களில் பெரும்பாலானவை ஒரு பிள்ளைக்குப் போக 50 வீத வாய்ப்பு உள்ளவை.

கிளினிக்கில் "நெஞ்சு செக் பண்ண வந்தோம்" என்று சொல்லாதீர்கள். "தம்பி 28 வயதில் திடீரென இறந்தார், காரணம் தெரியவில்லை, எங்களுக்குப் பரம்பரை இதயநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். மரண விசாரணை அறிக்கையின் பிரதியையும், அவர் உயிரோடிருக்கும்போது எடுத்த பழைய ஈசிஜி ஏதாவது இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்கு இன்று ஒன்றும் தெரியாவிட்டாலும், தசை தடிக்கும் நோய் பருவ வயதில்தான் பலருக்கு வெளிப்படும். ஆகவே அடுத்த எக்கோவுக்கான திகதியை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.